துருவத்துப் பிளாஸ்மா ஓட்டம்: பூஜ்யம் என்று எழுதும் முன்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் குறுக்கே போவது தெரியும். லோரி எவ்வளவு வேகமாகப் போனாலும், என் முன்னால் குறுக்கே கடக்கும் அந்த நொடியில் என்னை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கையில் டாப்ளர் ரேடார் இருந்தால் பூஜ்யம்தான் காட்டும். என்னிடம் டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவப் பிள்ளைகள் துருவ வானில் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) ஓடுவதை அளக்கும் சூப்பர்டார்ன் ரேடார் வலையமைப்பின் படங்களில் பூஜ்யத்தைக் கண்டதும் “பிளாஸ்மா அசையவில்லை” என்று எழுதிவிடுகிறார்கள்.

தன்னை நோக்கி வரும் அல்லது விலகும் பங்கை மட்டுமே ரேடார் அளக்கும். துருவ அயனிமண்டலத்தில், அதாவது மின்னூட்டம் பெற்ற மேல்வளி அடுக்கில், பிளாஸ்மா மின்புலம் காந்தப்புலம் இரண்டுக்கும் செங்குத்தாக நகர்கிறது. மின்புலம் மீட்டருக்கு 50 மில்லிவோல்ட், காந்தப்புலம் 50,000 நானோடெஸ்லா என்றால் வேகம் நொடிக்கு 1 கிலோமீட்டர். அந்த ஓட்டம் ரேடார் கதிருக்கு 60 பாகை சாய்ந்திருந்தால் திரையில் 500 மீட்டர்தான் வரும். இதனால்தான் ஒரே இடத்தை வேறு திசையிலிருந்தும் பார்க்க ரேடார்களை ஜோடி சேர்க்கிறார்கள்.

பூஜ்யத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: தரை எதிரொலி. இந்த ரேடார்களின் 8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரையான அலை, தோட்டத்து லயங்களில் தாத்தாக்கள் வானொலி கேட்ட அதே சிற்றலைதான். அயனிமண்டலத்தில் வளைந்து, கடலையோ நிலத்தையோ தொட்டு, வந்த வழியே திரும்பும். தரை ஓடுமா? வேகம் பூஜ்யத்தை ஒட்டியும் நிறமாலை (எதிரொலியில் வேகங்கள் பரவியிருக்கும் அகலம்) ஒடுங்கியும் வரும். அதையும் சராசரியில் சேர்த்தால் கணக்கு கெட்டது. மென்பொருள் வடிகட்டித் தரும், சரி; ஆனால் நிஜமாகவே மெதுவாக ஓடும் பிளாஸ்மாவையும் சில நேரம் அது தூக்கி எறிந்துவிடும்.

உயரத்தையும் கவனியுங்கள். 110 கிலோமீட்டர் உயரத்து எதிரொலிகளின் வேகம் பெரும்பாலும் அங்குள்ள அயனி ஒலி வேகத்தை (பிளாஸ்மாவில் ஒலி போன்ற அலை பரவும் வேகம்) ஒட்டியே, நொடிக்கு 400 மீட்டர் போல, நின்றுவிடும். மேலே ஓட்டம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

பிளாஸ்மாவுக்குள் பறந்தபடியே அதன் வேகத்தை அளக்கும் செயற்கைக்கோளின் தரவு என்றால் வேறு தொல்லை. அது தானே நொடிக்கு சுமார் 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. கருவியின் திசை 1 பாகை பிசகினாலே 130 மீட்டர் பொய் வேகம் கிடைக்கும்.

அப்புறம், துருவத்தில் பிளாஸ்மா இரண்டு சுழல்களாக ஓடுவதைக் காட்டும் அந்த அழகான இரட்டைச் சுழல் வரைபடம். எதிரொலி கிடைக்காத இடங்களைப் பழைய அளவீடுகளிலிருந்து உருவாக்கிய புள்ளியியல் மாதிரிதான் நிரப்புகிறது. எத்தனை அளவுப் புள்ளிகளை வைத்து வரைந்தார்கள் என்று பல படங்களின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை, வண்ணத்தைத்தான் பார்க்கிறார்கள்.