தொடக்கப் பள்ளியில் சமத்துவம்: அக்கறையுள்ள ஆசிரியர்களும் செய்துவிடும் தவறுகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே, வகுப்பில் யாருக்கு மதிப்பு அதிகம் என்பது தெரிந்துவிடுகிறது. கரும்பலகையை அழிக்க டீச்சர் யாரைக் கூப்பிடுகிறார், நோட்டுக் கட்டை யாரிடம் கொடுத்தனுப்புகிறார், குப்பை பொறுக்க யாரை அனுப்புகிறார், விருந்தினர் வந்தால் பூங்கொத்து கொடுக்க யாரை நிறுத்துகிறார் என்று பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சுவரில் 'அனைவரும் சமம்' என்று எழுதியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் இது பட்டுவிடும்.

வேண்டுமென்றே பாகுபாடு காட்டுகிறவர்களும் உண்டு. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வந்த புகாரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அது சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். நான் இங்கே எழுதுவது, பிள்ளைகள் மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள் வேலை அவசரத்திலோ பழக்கத்திலோ, பல நேரம் உதவி செய்யும் எண்ணத்திலேயோ செய்துவிடும் தவறுகளைப் பற்றி.

உதவியை வகுப்பறிய அறிவிப்பது

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடப்பது இதுதான். உதவித்தொகைக்குப் பட்டியல் அனுப்ப இன்றைக்குக் கடைசி நாள் என்று செய்தி வரும். ஆசிரியர் வகுப்புக்குள் வந்து, "எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்க மட்டும் எழுந்திரிங்க, நாளைக்குப் பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டு வரணும்" என்பார். அரை நிமிட வேலை. ஆனால் அதுவரை தன் சாதி என்னவென்றே தெரியாமல் இருந்த ஏழு வயதுப் பிள்ளை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதைப் பார்க்கிறது. சுகாதாரக் குறைவான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கென்று ஒரு உதவித்தொகை இருக்கிறது. அந்தப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்தால், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இதைத் தவிர்ப்பது அப்படியொன்றும் கடினம் இல்லை. ஜூன் மாதத்திலேயே எல்லாப் பிள்ளைகளிடமும், யாருக்குத் தேவை யாருக்குத் தேவையில்லை என்று பிரிக்காமல், ஆதார் நகலும் வங்கிக் கணக்கு நகலும் வாங்கி வைத்துவிடலாம். அப்புறம் விடுபட்ட சான்றிதழ் ஏதாவது இருந்தால் பெற்றோருக்குப் போன் செய்தால் போதும். பிள்ளையின் காதுக்கே அது போக வேண்டியதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவர் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்களே. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இதெல்லாம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குத்தான் என்று தொடக்கப் பள்ளிகள் நினைப்பது தவறு. பதினாறு வயதில் கையில் சாதியைக் காட்டும் கயிறு கட்டிக்கொண்டு வரும் பையன், ஆறு வயதில் நம்மிடம்தான் உட்கார்ந்திருந்தான்.

தனியார் பள்ளிகளில் இதே தவறு வேறு பெயரில் நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவில், ஏழை, பின்தங்கிய குடும்பங்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளை, அந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் "ஆர்டிஇ பசங்க" என்றே ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு ஆசிரியர் அறையோடு நிற்பதில்லை. இந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் பிரித்து உட்கார வைப்பதோ, வேறு நேரத்தில் பாடம் நடத்துவதோ கூடாது என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே சொல்கின்றன.

உட்காரும் இடம்

"பிடிச்ச இடத்துல உட்காருங்க" என்று விட்டுவிடுவது ஜனநாயகம் மாதிரித் தோன்றும். கிராமத்துப் பள்ளியில் அப்படி விட்டால், ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். தெரு என்றால் நம் ஊரில் சாதி. காலனிப் பிள்ளைகள் ஒரு மூலையில், ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரிந்துவிடும். நன்றாகப் படிக்கிறவர்களை முன்னால் வைப்பதும் கடைசியில் பெரும்பாலும் இதே வரிசையைத்தான் உண்டாக்கும், ஏனென்றால் வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிற பிள்ளைதான் முதலில் படிக்கும். அகர வரிசையில் உட்கார வைத்து, வாரம் ஒருமுறை வரிசையை மாற்றினால் சிக்கல் பாதி குறையும். பார்வையோ கேட்கும் திறனோ குறைந்த பிள்ளைக்கு மட்டும் முன் இடம் எப்போதும் இருக்கட்டும்.

தொடக்க வகுப்புகளில் எழுத்தையும் கணக்கையும் உறுதியாக்க, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருவது நல்ல ஏற்பாடு. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன பாடத்தை அவரவர் நிற்கிற இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளத்தான் அது. ஆனால் சில வகுப்புகளில் நிலை பிள்ளையின் பெயராகிவிடுகிறது. "அவன் அரும்பு சார், அவனுக்கு வராது" என்று பக்கத்துப் பிள்ளையே சொல்லும். தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். போன மாதம் அரும்பு, இந்த மாதம் மொட்டு என்று நகரலாம். குழு நகராமல் அப்படியே நிற்கிறது என்றால் நடத்தும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

"நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன்"

இதைப் பெருமையாகச் சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். மனசில் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சரியாகக் காது கேட்காத பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரிச் சொல் எழுதுதல் வைத்தால், அந்தப் பிள்ளை வாங்கும் முட்டை மார்க்கு அதன் தமிழைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. வெளியே தெரியாத இந்த வகைகளில்தான் பிள்ளைகள் சோம்பேறி, பிடிவாதக்காரன், மக்கு என்று பெயர் வாங்குகிறார்கள். இப்படிப் பட்டப்பெயர் வைப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்யும் மனத் துன்புறுத்தலில் சேரும்.

"சிறப்புப் பயிற்றுநர் வருவார், அவர் பார்த்துக்கொள்வார்" என்று விடுவது அடுத்த தவறு. அவருக்குப் பார்க்க வேண்டிய பள்ளிகள் பல. மீதி நாளெல்லாம் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரிடம்தான் இருக்கிறது. போர்டில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தபடி எழுதினால் பார்வை குறைந்த பிள்ளைக்குப் போய்ச் சேரும். எழுதி முடித்துத் திரும்பி, முகம் பார்த்துப் பேசினால் காது மந்தமான பிள்ளை உதட்டைப் பார்த்தாவது புரிந்துகொள்ளும். எழுத்து தடுமாறும் பிள்ளையிடம் பதிலை வாயால் கேட்கலாம். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

விளையாட்டு நேரத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையை நிழலில் உட்கார வைத்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் வைப்பது மனதை வலிக்கச் செய்யும் காட்சி. ஸ்கோர் எழுதச் சொல்வதும் அதைவிடப் பெரிதாகச் சிறந்ததில்லை. பிள்ளைக்கு ஆடத்தான் ஆசை. ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் மாற்றினால் அது உள்ளே வந்துவிடும்; விதியை எப்படி மாற்றலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாக யோசிப்பார்கள்.

சாய்தளம் கட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. ஓரடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும். பல இடங்களில் நாலடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்ற முடியாது, இறக்குவது ஆபத்து. கழிப்பறை வாசலில் ஒரு படி இருந்துவிட்டால் வகுப்பறைச் சாய்தளத்தால் மட்டும் பயனில்லை.

ஆண், பெண் விஷயத்தில் பழக்கம்தான் எதிரி. பல பதிவேடுகளில் முதலில் ஆண் பிள்ளைகள் எல்லாரும், பிறகு பெண் பிள்ளைகள். கூட்டுவதும் கோலம் போடுவதும் பெண்களுக்கு. பெஞ்சு தூக்குவதும் கடைக்குப் போவதும் ஆண்களுக்கு. வேலைகளைச் சுற்றுமுறையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் இது ஒரே வாரத்தில் மாறும். "பொம்பளப் புள்ள மாதிரி அழாதே" என்ற வாக்கியத்தை மட்டும் யாராவது பள்ளியிலிருந்தே எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும். நளினமாக நடக்கும் பையனை மற்றவர்கள் கேலி செய்யும்போது ஆசிரியர் சிரித்துவிட்டால், அந்தக் கேலிக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றுதான் வகுப்பு எடுத்துக்கொள்ளும்.

மொழியும் சாப்பாடும்

திருப்பூர், ஓசூர், சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். வாய் திறக்காத பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று முடிவு கட்டுவதும், "ஹிந்திக்காரப் பையன்" என்று கூப்பிடுவதும் வேண்டாம். அதன் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கை அதன் மொழியிலேயே எண்ண விடுங்கள். எண்ணிக்கை சரியா என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருளர் பிள்ளையின் பேச்சையோ வட்டார வழக்கையோ எல்லார் முன்னாலும் திருத்தினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை பேசுவதையே நிறுத்திக்கொள்ளும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023-ல் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனபோது, பட்டியலினப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் சொன்னார்கள். கரூரில் ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டி வந்தது. இப்படி ஒரு நெருக்கடி வந்தால் பல தலைமையாசிரியர்கள் "சமாதானமாகப் போயிடலாம்" என்று நினைக்கிறார்கள். சமைக்கிறவரை வேறு பள்ளிக்கு மாற்றுவது, மறுக்கும் பிள்ளைகளை வீட்டுச் சாப்பாட்டோடு தனியே உட்கார வைப்பது என்று ஏதாவது ஒரு வழி பார்ப்பார்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. அப்படி விட்டுக்கொடுத்தால் தீண்டாமைக்குப் பள்ளியே ஏற்பாடு செய்துகொடுத்ததாகிவிடும். ஆசிரியர்கள் தினமும் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து அதையே சாப்பிடும் பள்ளியில், புகாரோடு வருகிறவரிடம் பேசுவதும் எளிது.

பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ், தீபாவளி முடிந்ததும் "என்ன டிரஸ் எடுத்தீங்க?" என்ற கேள்வி, "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா" என்ற பேச்சு ஆகியவற்றை விட்டுவிடலாம். 'வீட்டுப் பெரியவர் கையெழுத்து' என்று சொன்னால் போதுமே.

பெற்றோரைக் கூப்பிடும் நேரம்

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தை வேலை நாள் பிற்பகலில் வைத்துவிட்டு, "அந்தத் தெருக்காரங்க வர்றதே இல்லை" என்று குறைப்படுவது நியாயமில்லை. வந்தால் நூறுநாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும். வந்தவர்களில் சிலருக்கு நாற்காலி, சிலருக்குத் தரை என்று இருந்தால் மறுமுறை வர மாட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல், ஒருமுறை அவர்கள் தெருவிலேயே கூட்டத்தை வைத்துப் பாருங்கள். போனதும் பிள்ளை மேல் உள்ள புகாரில் ஆரம்பிக்காமல், அது நன்றாகச் செய்கிற ஒரு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்த வீடு அதற்கு முன் கேட்டிருக்காது.