ஜெர்மனியில் பார்ட் டைம் வேலை: முதல் சில மாதங்களில் எதை முதலில் செய்வது?

செப்டம்பர் பிறந்தால் போதும், விசா கைக்கு வந்த தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் முதல் கேள்வி: "அக்கா, போன உடனே பார்ட் டைம் கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு காகிதமும் அதற்கு முந்தைய காகிதத்தைக் கேட்கும். வரிசை தப்பினால் வேலை கையில் இருந்தும் சம்பளம் சரியாக வராது. அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன். தொகைகள் 2026-ஆம் ஆண்டுக்கானவை.

படி 1: முகவரியைப் பதிவு செய்யுங்கள்

குடியேறிய 2 வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று பலர் நினைத்துப் போய்த் திரும்பி வருகிறார்கள். பெரிய ஊர்களில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் வீடு உறுதியான அன்றே டெர்மின் போட்டுவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். இங்கே ஒரு சின்ன விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள்: தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அதனால் கடிதங்கள் அப்பா பெயருக்கே வரும். நான் முதலில் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன், வரி எண் வரவே இல்லை. பக்கத்து அறை அக்கா சொன்ன பிறகு வெள்ளை டேப்பில் அப்பா பெயரையும் என் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதன் பிறகுதான் தபால் ஒழுங்காக வந்தது. சாவி வாங்கிய அன்றே இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

படி 2: வங்கிக் கணக்கு, காப்பீடு

விசாவுக்காகக் கட்டிய பிளாக்ட் அக்கவுன்ட் பணம் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாக வெளியே வரும். அதை வாங்கவும் சம்பளம் வாங்கவும் இங்கே ஒரு கணக்கு வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் 30 வயது வரைதான். 23 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். வேலையில் சேரும்போது சமூகக் காப்பீட்டு எண்ணும் கேட்பார்கள், அதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள்.

படி 3: நாள் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உங்கள் விசாவே இதில்தான் நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன்பு இது 120 முழு நாள், 240 அரை நாளாக இருந்தது. பழைய வீடியோக்கள் இன்னும் அந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அரை நாள் என்றால் 4 மணி நேரம் வரை. நாலே கால் மணி நேரம் நின்றாலும் அது முழு நாள். கடையில் மேலாளர் "இன்னும் பத்து நிமிஷம் இரேன்" என்று அன்பாகத்தான் கேட்பார், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்கு அரை நாள் போய்விடும்.

வாரக் கணக்கு என்று இன்னொரு முறையும் இருக்கிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால், அந்த வாரம் முழுவதும் இரண்டரை நாளாகவே எண்ணப்படும். விடுமுறைக் காலத்தில் 40 மணி நேரம் வேலை செய்தாலும் அந்த வாரத்துக்கு இரண்டரை நாள்தான். இந்தக் கணக்கில் 52 வாரமும் உழைத்தாலும் 130 நாள்தான் வரும். உங்களுக்கு எது லாபமோ அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முழு நாளா அரை நாளா என்று அன்றன்றே எழுதுங்கள். என் நோட்டில் மாவு படிந்த பக்கங்கள்கூட உண்டு, ஆனால் ஒரு நாள் விட்டுப்போனதில்லை.

படி 4: எந்த வேலை?

முடிந்தால் ஹிவி வேலைக்கு முதலில் முயலுங்கள். அதாவது பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கோ ஆய்வகத்துக்கோ உதவும் மாணவர் வேலை. இது அந்த 140 நாளில் சேராது. ஆங்கிலமே போதும் என்கிற இடங்களும் நிறைய. விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிடித்த பாடம் எடுப்பவருக்கு ஐந்து வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: என்ன படிக்கிறீர்கள், என்ன மென்பொருள் தெரியும், வாரம் எத்தனை மணி நேரம் வர முடியும். எனக்கு நான்காவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது.

அடுத்தது வெர்க்ஸ்டூடன்ட், உங்கள் படிப்போடு ஒட்டிய நிறுவன வேலை. பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரிலிருந்து கிடைக்கும்.

முதல் செமஸ்டரில் கைக்கு எட்டுவது மினிஜாப்தான்: பேக்கரி, கிடங்கு, உணவக சமையலறை. மாதம் 603 யூரோ வரை வாங்கலாம். குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ என்பதால் மாதம் சுமார் 43 மணி நேரம். உணவைத் தொடும் வேலை என்றால் சுகாதார அலுவலகம் தரும் சான்று வேண்டும். ஒரு சிறு சுகாதாரப் பாடம், ஒரு கட்டணம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வேலை தொடங்கும்போது அது 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

உணவு டெலிவரிக்குக் கூப்பிட்டு, "நீங்களே பில் போடுங்கள், நாங்கள் பணம் தருகிறோம்" என்றால் ஒதுங்கிவிடுங்கள். அது சுயதொழில். தனி அனுமதி இல்லாமல் மாணவர் விசாவில் செய்யக் கூடாது.

படி 5: ஒப்பந்தம் இல்லாமல் கை வைக்காதீர்கள்

வந்த புதிதில் ஓர் உணவகத்தில் "சோதனைக்கு வா" என்றார்கள். இரண்டு மாலை, மொத்தம் ஒன்பது மணி நேரம் பாத்திரம் கழுவினேன். விரல் நுனியெல்லாம் வெந்து சுருங்கிப்போயிருந்தது. பிறகு கூப்பிடவே இல்லை, பணமும் தரவில்லை. கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். ஓரமாக நின்று பார்ப்பது வேறு, வேலை சொல்லி வாங்கினால் அதற்குச் சம்பளம் உண்டு. மினிஜாப்பிலும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சேர்ந்து 4 வாரம் ஆன பிறகு நோய்வாய்ப்பட்டால் அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. பிரச்சினை வந்தால் ஃபெயரே இன்டெக்ரசியோன் என்ற ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

படி 6: சம்பளச் சீட்டைப் படியுங்கள்

வெர்க்ஸ்டூடன்டாக வாரம் 20 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியம் என்றால் மாதம் ஏறக்குறைய 1,200 யூரோ. அதில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீடு சீட்டில் இருக்காது, அதை நீங்களே கட்ட வேண்டும். விடுமுறையில் முழு நேரம் உழைத்த மாதங்களில் வருமான வரி பிடித்திருந்தால், ஆண்டு முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். 4 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

வாடகையும் காப்பீடும் போக மிச்சத்தில் சாப்பாடு நன்றாகவே நடக்கும். ஊரில் வாங்கிய கல்விக் கடனின் தவணையை மட்டும் இந்தப் பணத்தின் மேல் ஏற்றாதீர்கள். அப்படிக் கணக்குப் போட்டு வந்த ஒரு தம்பி, ராத்திரி ஷிஃப்ட்டும் காலை வகுப்புமாக அலைந்து முதல் செமஸ்டரில் மூன்று பாடம் விட்டான். அப்பாவிடம் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

அன்றாடம்

தண்ணீர் பாட்டிலையும் கேனையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போது நீங்கள் கட்டிய முன்பணம், பெரும்பாலும் 25 சென்ட், அதில் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். ரேடியோ, டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வந்தால் ஏமாற்று வேலை என்று கிழிக்காதீர்கள். அது உண்மையான கட்டணம், வீட்டுக்கு ஒன்று. நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டி நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி போடாதீர்கள். சட்னியை மாலையிலேயே அரைத்துவிடுங்கள்.

ஞாயிறன்று கடைகள் திறக்காது. ஷிஃப்ட் முடிந்து சனிக்கிழமை ராத்திரி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் திங்கள் வரை இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். 2026 டிசம்பரில் 25-ஆம் தேதி வெள்ளி, 26 சனி, இரண்டும் விடுமுறை, அடுத்தது ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கதவு திறக்காது. 24-ஆம் தேதியும் மதியத்தோடு மூடிவிடுவார்கள், அதனால் பாலும் தயிரும் 23-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.