ரியோக்கானில் ஓர் இரவு: முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

டோக்கியோ, கியோட்டோ என்று சுற்றிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ரியோக்கான் என்ற ஜப்பானிய விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. அத்தனை யென் கொடுத்துவிட்டு இப்படித் தங்குவது வீண். இந்தப் பாரம்பரிய விடுதிகளில் மதியம் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு நம்மை ஒப்படைத்துவிட்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

எடுத்துக்காட்டுக்கு ஹியோகோ மாநிலத்தில் இருக்கும் கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த ஊரைத்தான்.

படி 1: அறை பதிவு செய்வது

விலையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரியோக்கானில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள், அறைக்கு இல்லை. அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கும். சாப்பாடு இல்லாமல் மலிவாகவும் கிடைக்கும். முதல்முறைக்கு அது வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். சூப், வேகவைத்த காய்கறி, சாஸ் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் கறியும் மீன் துண்டும் வராது, மீன் சாறு வந்துவிடும். அதனால் பதிவு செய்யும்போதே "இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் வேண்டாம்" என்று பிரித்து எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது. பொருள் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டிருக்கும்.

முடியாது என்று விடுதி பதில் சொன்னால் வருத்தப்படாதீர்கள். வாகாயாமா மாநிலத்தில் கோயாசான் மலை இருக்கிறது. 816இல் கூக்காய் என்ற துறவி பௌத்த மடம் அமைக்கத் தேர்ந்த இடம். அங்கே ஐம்பது கோயில்கள் போலத் தங்க இடம் தருகின்றன. ததாமி என்ற வைக்கோல் பாய், தரையில் விரிக்கும் ஃபூத்தோன் மெத்தை எல்லாம் அங்கேயும் உண்டு. சாப்பாடு முழுச் சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். சுத்த சைவக்காரர்களுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

படி 2: போய்ச் சேர்வது

மூன்று, நான்கு மணிக்குள் போய்விடுங்கள். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்குத் தொடங்கிவிடும். பெரிய பெட்டியை முந்தின ஊரிலிருந்தே கூரியரில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கைப்பையோடு போவது நல்லது.

படி 3: உள்ளே நுழைவது

வாசலில் செருப்பைக் கழற்றி, மேடையில் ஏறி, அவர்கள் தரும் ஸ்லிப்பரை மாட்டிக்கொள்ள வேண்டும். ததாமி பாய் விரித்த அறைக்குள் ஸ்லிப்பரும் கூடாது. கழிவறைக்கென்று தனி ஸ்லிப்பர் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அறையில் ஓவியச் சுருளும் பூவும் வைத்த ஒரு மாடம் இருக்கும். பை வைக்க வசதியாகத் தெரியும், ஆனால் வைக்கக் கூடாது.

மேசையில் பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் இருக்கும். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கக் கூடாது என்பதால் அதைச் சாப்பிட்டுவிட்டே குளிக்கப் போங்கள்.

படி 4: யுகாத்தா கட்டுவது

யுகாத்தா என்பது விடுதியில் தரும் மெல்லிய பருத்தி அங்கி. வலது பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி மடித்து, அதன் மேல் இடது பக்கம் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. இதை மட்டும் மறக்காதீர்கள்.

கினோசாகியில் இந்த உடையிலேயே, காலில் மரச்செருப்போடு தெருவில் நடக்கலாம். ஊரில் ஏழு பொதுக் குளியலறைகள் உண்டு. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு தருவார்கள், அதைக் காட்டினால் இலவசம். ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள், அதனால் இன்றைக்கு எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 1925 நிலநடுக்கத்தில் ஊரே எரிந்துபோனது. அதற்குப் பிறகு மரவீடுகளாகவே திரும்பக் கட்டினார்கள். ஆற்றங்கரை வில்லோ மரங்களுக்கு அடியில் சாயங்காலம் எல்லோரும் யுகாத்தாவில் நடக்கும்போது, ஊர் முழுவதும் ஒரே விடுதி போலத்தான் இருக்கும்.

படி 5: வெந்நீர்க் குளியல்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆண், பெண் தனித்தனி. வாசல் துணியில் 男 என்றிருந்தால் ஆண்கள், 女 என்றிருந்தால் பெண்கள். பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டையும் மாற்றிவிடுவார்கள். காலையில் பழைய ஞாபகத்தில் நுழையாமல் எழுத்தைப் பாருங்கள்.

உடை எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் வையுங்கள். நீச்சல் உடை அனுமதி இல்லை. சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், சுவரோரம் தாழ்வான ஸ்டூல்களும் ஷவரும் இருக்கும். அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலச வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறுவதற்கு. அதே தண்ணீரில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள்.

அப்புறம் மெதுவாக இறங்குங்கள். தண்ணீர் 40, 42 டிகிரி இருக்கும். முடி நீளமாக இருந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஐந்து நிமிடம் போதும். தலை கிறுகிறுத்தால் உடனே எழுந்துவிடுங்கள். வெளியே போகும் முன் உடம்பைத் துடைத்துக்கொண்டால் உடைமாற்றும் அறைத் தரை நனையாது. கூச்சம் இரண்டே நிமிடத்தில் போய்விடும், ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படியும் முடியாது என்றால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தனிக் குளியலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள்.

பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். கினோசாகியின் பொதுக் குளியலறைகளில் அந்தத் தடை இல்லை.

படி 6: இரவுச் சாப்பாடு

சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும்: பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, கடைசியில் சோறு, மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய். சோறு எங்கே என்று தேடாதீர்கள், அது முடிவில்தான். குளிர்காலத்தில் கினோசாகி போனால் நண்டுதான் நாயகன். பரிமாறும் பெண்மணி ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டி ஏதோ சொல்வார். பெரும்பாலும் எதை எதில் தொட்டுச் சாப்பிடுவது என்பது. அவர் கையைப் பார்த்துச் செய்தாலே போதும்.

படி 7: தூக்கம்

சாப்பிட்டுத் திரும்பும்போது மேசையை ஒதுக்கி ஃபூத்தோன் விரித்திருப்பார்கள். அறையில் ஆள் நுழைந்திருக்கிறாரே என்று திடுக்கிட வேண்டாம், வழக்கம் அதுதான். மெத்தை மெல்லிசாகப் பட்டால் அலமாரியில் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: கிளம்புவது

காலை ஆறு மணிக்கு எழுந்து இன்னொரு முறை குளியுங்கள், கூட்டமே இருக்காது. படுக்கையை மடித்து வைக்க வேண்டியதில்லை, யுகாத்தாவை அறையிலேயே விட்டுவிடலாம். பத்து மணிக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வெந்நீர்க் குளியல் வரி என்று தனியாக ஒரு தொகை வரும், பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென். சின்ன விடுதிகளில் அட்டை எடுக்காமல் போகலாம் என்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும். டிப்ஸ் தர வேண்டாம். மேசையில் காசு வைத்துவிட்டுப் போனால் நீங்கள் மறந்துவிட்டதாக நினைத்து, எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள்.