ஜிம் வாட்ஸ்அப்புக்கு ஏஐ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிம்முக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளுக்கு ஏஐ உதவியாளரை வைப்பது இப்போது சிரமமே இல்லை. புதிதாக வைக்கிற பலரும் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மரியாதையில்லாத 'நீ', நள்ளிரவில் 'குட் மார்னிங்' எல்லாம் இரண்டு நாளில் தானாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பழைய சாட்டை மொத்தமாக ஊட்டுவது

காசைத் தின்னும் தவறு இதுதான். ரிசெப்ஷன் போனில் இருக்கும் பல வருட சாட்டை எக்ஸ்போர்ட் செய்து, 'இதைப் படித்து எங்களைப் போலவே பேசு' என்று கொடுத்துவிடுகிறார்கள். விதிப்படி வந்து போகிறவர் மெசேஜே போடுவதில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஃப்ரீஸ் (வராத நாட்களுக்கு மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைப்பது) கேட்டுக் கெஞ்சியவர், ரீஃபண்டுக்குச் சண்டை போட்டவர், "பழைய ரேட்டுக்கே போட்டுக் குடுங்க" என்றவர், இவர்கள்தான் சாட் முழுக்க. அவர்களைச் சமாளிக்க ரிசெப்ஷனில் கொடுத்த விலக்குகளை ஏஐ விதி என்றே படித்துக்கொள்ளும்.

பல வருடமாக வரும் மெம்பரிடம் "சரி சார், பத்து நாள் சேர்த்துப் போட்டுடறேன்" என்று சொன்னது அந்த ஒருவருக்காக. நேற்றுச் சேர்ந்தவர் "ஊருக்குப் போறேன், ஃப்ரீஸ் இருக்கா?" என்று கேட்டாலும் ஏஐ அதே பத்து நாளை அள்ளிக் கொடுக்கும். அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு கவுன்ட்டரில் வந்து நிற்பார்.

'சாட்பாட் சொன்னதுக்கு நாங்க என்ன பண்றது' என்ற பேச்சு கனடாவில் எடுபடவில்லை. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவர் டிக்கெட் எடுத்து 90 நாளுக்குள் சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொன்னது. பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்பதே நிறுவனத்தின் விதி. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்றுகூட நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், 650 கனடிய டாலருக்குச் சற்று மேல் இழப்பீடு தரச் சொன்னது.

பழைய விலையும் சாட்டோடு உள்ளே போகும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்கு முந்தைய சாட்டைப் படித்த ஏஐ, யாராவது ஃபீஸ் கேட்டால் கூசாமல் 18 சதவீதம் சேர்த்துச் சொல்லும்.

சாட்டிலிருந்து கேள்விகளை மட்டும் எடுங்கள். பெயர், போன் எண், எடை, முட்டி ஆபரேஷன் விவரம், படங்கள் எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிடுங்கள். பதிலுக்குத் தனியாக ஒரு விதித்தாள் வேண்டும். ஒரு விதிக்கு ஒரு வரி, பக்கத்தில் அமலுக்கு வந்த தேதி, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பது. உதாரணமாக: 'வருட மெம்பர்ஷிப்: ஃப்ரீஸ் மொத்தம் 30 நாள், ஒரு தடவைக்குக் குறைந்தது 7 நாள், முன்கூட்டியே கேட்க வேண்டும், கடந்துபோன நாட்களுக்குக் கிடையாது.' இதில் கடைசித் துண்டை எழுதாமல் விட்டால், "போன வாரம் காய்ச்சல், அதைச் சேர்த்துக் குடுங்க" என்பவருக்கு ஏஐ இரக்கப்பட்டுத் தலையாட்டிவிடும்.

ஃப்ரீஸ், ரீஃபண்ட், டிஸ்கவுண்ட், டிரான்ஸ்ஃபர் (மெம்பர்ஷிப்பை வேறொருவருக்கு மாற்றுவது) இந்த நான்கிலும் ஏஐ விதியைச் சொல்லலாம், வாக்குக் கொடுக்கக் கூடாது. "பதிந்துவிட்டேன், மேனேஜர் இன்று மாலை 6 மணிக்குள் சொல்வார்" என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். மீதி நாள் கணக்கு மெம்பர்ஷிப் சாஃப்ட்வேரிலிருந்துதான் வர வேண்டும். தேதியைக் கூட்டிக் கழிக்கும் வேலையை ஏஐயிடம் விடாதீர்கள்.

டயட் சொல்ல விடுவது

அமெரிக்காவின் தேசிய உணவுக்கோளாறு சங்கம், அக்கோளாறைத் தடுக்க உதவும் என்று வைத்திருந்த டெஸ்ஸா சாட்பாட்டை 2023இல் நிறுத்தியது. அது கலோரி குறைக்கவும் எடை குறைக்கவும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. ஜிம்மில் இந்தக் கேள்வி தினமும் வரும். உணவு, மாத்திரை, சர்ஜரி, கர்ப்பம் பற்றிய மெசேஜ் என்றால் டிரெய்னருக்கு மாற்றிவிட வேண்டும். 'நெஞ்சு வலிக்குது' என்று வந்தால் முதல் வரியிலேயே 108.

'பிரியா' என்று பெயர் வைப்பது

வேண்டாம். கவுன்ட்டருக்கு வந்து பிரியாவைத் தேடுவார்கள்.

சுத்தத் தமிழில் சோதிப்பது

"கட்டணம் எவ்வளவு என்று கூற முடியுமா?" என்று எந்த மெம்பரும் கேட்பதில்லை. "பீஸ் எவ்ளோ", "லேடீஸ் டைமிங்", அதுவும் பாதி ஆங்கில எழுத்தில். நடுநடுவே வாய்ஸ் நோட். எடுத்து வைத்த கேள்விகளில் 50ஐ எழுத்துப்பிழையோடு அப்படியே கொடுத்துப் பாருங்கள். அதில் குறைந்தது பத்து, 'மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறோம்' என்பதே சரியான பதிலாக இருக்கும் கேள்விகளாக இருக்கட்டும். விதித்தாளில் ஒரு வரி மாறினாலும் 50ஐயும் மறுபடி ஓட்ட வேண்டும்; சலிப்பான வேலைதான்.

ஆட்டோபே

ஏஐ 'மெம்பர்ஷிப் ரத்து' என்று சொல்வதால் மட்டும் யுபிஐ ஆட்டோபே நிற்காது. தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை (மேண்டேட்) தனியாக ரத்து செய்ய வேண்டும்.

மேனேஜர் பதிலைத் தள்ளிப்போடுவது

வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐயில் (ஏஐ போன்ற மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் வழி) மெம்பரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம் தாண்டிவிட்டால் சாதாரண மெசேஜ் போகாது, வாட்ஸ்அப்பிடம் முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரி மெசேஜ்) மட்டும்தான் போகும். 'உங்கள் கோரிக்கைக்குப் பதில் தயார், பார்க்க ஆம் என்று அனுப்பவும்' என்ற மாதிரி ஒரு டெம்ப்ளேட்டுக்கு முதல் நாளே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.