வாக்காளர் படிவத்தில் ஏன் கட்சியைக் கேட்கிறார்கள்?

முதலில் ஒன்று. அமெரிக்காவில் நீங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் சரி, கிரீன் கார்டு வாங்கியிருந்தாலும் சரி, வாக்காளராகப் பதியும் இந்தப் படிவம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில், கவுன்ட்டரில் இருப்பவர் பேச்சோடு பேச்சாக "வாக்காளராகவும் பதிந்துவிடட்டுமா?" என்று கேட்பார். தலையாட்டிவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகிவிடும். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் இதைத் தனியாகவே கேட்கிறார்கள். நாடு கடத்தும் அளவுக்குப் போகிற விஷயம் இது.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு பதியப் போனால், பல மாநிலங்களில் படிவம் "எந்தக் கட்சி?" என்று கேட்கும். ஓட்டு ரகசியம் என்று கேட்டு வளர்ந்த நமக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் இதற்குச் சந்தா கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் கிடையாது. நவம்பர் பொதுத் தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முன்னதாக நடக்கும் தேர்தலுக்குப் பிரைமரி என்று பெயர். அதில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை உங்களுக்குத் தருவது என்பதற்குத்தான் இந்தக் கேள்வி. என்ன, தேர்தல் நேரத்தில் பிரசாரக் கடிதங்களால் தபால் பெட்டி நிரம்பி வழியும்.

தமிழ்நாட்டில் விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் முடிந்து தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். நாம் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இங்கே அந்தப் பட்டியலைப் பெரும்பாலும் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012இல் இல்லினாய் 8ஆவது தொகுதியின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் டாமி டக்வொர்த்திடம் தோற்றார். 2016இல் அதே தொகுதியில் பிரைமரியை வென்று, நவம்பரிலும் ஜெயித்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார். ஒரு கட்சியே எப்போதும் ஜெயிக்கிற தொகுதியில் பிரைமரிதான் உண்மையான தேர்தல். நவம்பருக்கு மட்டும் வருபவர் பந்தி முடிந்து கை கழுவும் நேரத்தில் வருகிறார் என்பது என் கருத்து.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவில் கட்சி பதியாதவருக்கு வேட்பாளர் தேர்வில் இடமில்லை. நியூயார்க்கிலும் அப்படித்தான், அங்கே ஜூன் பிரைமரிக்காக ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைத்தால் பிப்ரவரி 14க்குள் மாற்றியிருக்க வேண்டும். டெக்சஸ் படிவத்தில் கட்சிக் கேள்வியே கிடையாது. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். மார்ச் பிரைமரியில் ஒரு கட்சிக்குப் போட்டுவிட்டு, யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காதபோது மே மாதம் நடக்கும் மறுசுற்றில் மற்றக் கட்சிக்குத் தாவ மட்டும் முடியாது.

கலிபோர்னியா கதையே தனி. செனட் (காங்கிரஸின் மேலவை), ஆளுநர் போன்ற பதவிகளுக்கான பிரைமரியில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில் இருப்பார்கள். முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். 2016 செனட் தேர்தலில் கமலா ஹாரிஸை எதிர்த்து நவம்பரில் நின்ற லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிதான். அதிபர் பிரைமரிக்கு இந்த விதி பொருந்தாது; அங்கே குடியரசுக் கட்சிச் சீட்டு அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கே கிடைக்கும்.

கலிபோர்னியாக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்றால் 'நோ பார்ட்டி/நன்' கட்டத்தில் குறியிடுங்கள். 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' என்பது தனிக்கட்சி. 1968இல் இனப்பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸை அதிபர் தேர்தலில் நிறுத்திய கட்சி. சுயேச்சை என்று நினைத்து அதில் சேர்ந்தவர்கள் ஏராளம்.