முதல் ஃபைபர்கிளாஸ் வில்: பொருள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர அடுக்குகளையும் கண்ணாடியிழை (ஃபைபர்கிளாஸ்) பட்டைகளையும் ஒட்டி வில் செய்ய முதன்முறையாக முனைபவர்கள், பெரும்பாலும் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்கள். கண்ணைக் கவரும் மரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, பட்டையிலும் பசையிலும் சிக்கனம் பார்ப்பார்கள். வில்லின் கை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, 10 மி.மீ. கனமுடையது, அதன் இரு முகங்களிலும் 1 மி.மீ. பட்டை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனத்தில் ஐந்தில் ஒரு பங்கே வரும் அந்தப் பட்டைகள், மேப்பிள் மரத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானவை என்பதாலும், வளைவின் வெளிமுகங்களில் இருப்பதாலும், கையின் மொத்த விறைப்பில் முக்கால் பங்கு வரை தாமே தந்துவிடுகின்றன. நடுவிலுள்ள மரத்தின் வேலை, இரு பட்டைகளையும் விலக்கி நிறுத்துவதும், அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்க முயலும் விசையைத் தாங்குவதும்தான்.

ஃபைபர்கிளாஸ் என்று கடையில் கேட்டால், படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பயன்படும் நறுக்கிய இழை விரிப்பையோ நெய்த துணியையோ பாலியெஸ்டர் பிசினோடு எடுத்துத் தருவார்கள். அவற்றில் இழைகள் பல திசைகளில் ஓடுவதால், கையின் நீளவாக்கில் வரும் இழுப்பைத் தாங்குபவை அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. வில்லுக்கு வேண்டியது, எல்லா இழைகளும் நீளவாக்கில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே இறுகவைத்து, ஒட்டும் பக்கத்தை மட்டும் சொரசொரப்பாகத் தேய்த்து விற்கப்படும் பட்டை. நிறமற்ற பட்டை அடியிலுள்ள மரத்தை அழகாகக் காட்டும் என்று அதையே பலர் வாங்குகிறார்கள். அது பசையில் சிக்கிய ஒவ்வொரு காற்றுக் குமிழையும் சேர்த்தே காட்டும், கருமரத்தின்மேல் இன்னும் பளிச்சென்று. முதல் வில்லுக்குக் கறுப்புப் பட்டையே போதும்.

இரு பாகங்களைக் கலந்து பூசும் பசையான எபாக்சியில், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை எடுப்பது பெரிய தவறு. அடுக்குகளில் பூசி, வில்லின் வடிவத்தைத் தரும் அச்சில் அமர்த்தி, வரிசை பிசகாமல் அழுத்துவதற்குள் அது கட்டியாகிவிடும். இறுகிய பின்னும் சூட்டைத் தாங்காது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 பாகை செல்சியஸை எட்டும் வெப்பத்தில் இத்தகைய பசை இளகி, நாணேற்றிய வில்லின் அடுக்குகள் பிரியக்கூடும். மெதுவாக இறுகுவதும், சூடேற்றிய பெட்டிக்குள் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தத் தக்கதுமான எபாக்சியை வாங்கி, தயாரிப்பாளர் குறிப்பிடும் கலவை விகிதத்தைத் தராசில் நிறுத்தே பின்பற்ற வேண்டும்.

நடு அடுக்குகளில் மரத்தின் பெயரைவிடக் கனத்தின் சீர்மையே முக்கியம். விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 10 மி.மீ. கனத்தில் 0.3 மி.மீ. கூடினாலே 50 பவுண்டு இழுவிசையுள்ள (நாணை முழுமையாக இழுக்க வேண்டிய விசை) வில் ஏறத்தாழ 55 பவுண்டாகிவிடும். அந்த வேறுபாடு ஒரு கையில் மட்டும் இருந்தால் இரு கைகளும் சமமாக வளையா. கையால் இழைத்த அடுக்கில் இந்தத் துல்லியம் கிடைப்பது அரிது. ஆகவே தேய்த்து அளவிட்டு விற்கும் மேப்பிள் அல்லது மூங்கில் அடுக்கை வாங்கி, பல இடங்களில் காலிப்பரால் அளந்து பார்ப்பது நல்லது. நுனி நோக்கி மெலியும் அடுக்குகளில் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குக் கனம் 0.002 அங்குலம் குறைவது வழக்கமான அளவு. எல்லா அடுக்குகளையும் மெலிபவையாக வாங்கினால் சரிவுகள் ஒன்றோடொன்று கூடி, நுனிகள் தேவைக்கு மேல் தளர்ந்துவிடும்.

கைப்பிடிக் கட்டைக்கு ரோஸ்வுட், கோகோபோலோ போன்ற எண்ணெய்ப்பசை மிகுந்த மரங்களைத் தேடுவது இன்னொரு ஆசை. கட்டையின் இரு ஓரங்களும் காகிதம்போல் மெலிந்து அடுக்குகளுக்குள் மறையும் இடத்தில்தான் ஒட்டு அதிகம் சோதிக்கப்படுகிறது. எண்ணெய் அங்கே பசையைப் பிடிக்க விடாது. அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்டினால் சமாளிக்கலாம் என்றாலும், நன்கு உலர்ந்த மேப்பிளோ வால்நட்டோ இருக்கையில் முதல் வில்லில் இந்தத் தலைவலி எதற்கு?

நாணையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். நீட்சி குறைந்த நவீன நாண், நுனியில் நாண் அமரும் வெட்டுகளை அறுத்துவிடக்கூடும். நுனிகளில் வலுவான மேலடுக்கு ஒட்டாத வில்லுக்கு, சற்று நீளும் பாலியெஸ்டர் இழையான டாக்ரான் நாணே பொருத்தம்.