மீன்பிடிச் சிக்கலைத் தாளில் வரைந்து முடிவெடுக்கும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால், வலை அறுபட்ட இழப்பு, எல்லையில் நேரும் கைது, குறைந்த மீன்பாடு, படகுக் கடன் என எல்லாம் ஒரே மூச்சில் பேசப்பட்டு, எதுவும் முடிவாகாமல் கலைவது உண்டு. இப்படிப் பின்னிக்கிடக்கும் சிக்கல்களைப் பிரித்து எழுத, கேள்வி, யோசனை, வாதம் என்ற மூன்று உறுப்புகளைக் கொண்ட முறை ஒன்றை திட்டமிடல் ஆய்வாளர்களான வெர்னர் குன்ஸும் ஹோர்ஸ்ட் ரிட்டலும் 1970-இல் முன்வைத்தார்கள். அதற்கு ஒரு பெரிய தாளும், இரு தரப்பும் ஏற்கும் ஓர் எழுத்தரும் போதும்.

கேள்வியை எழுதுவதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். "இழுவைமடியை (விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையை) எப்போது நிறுத்துவது?" என்று எழுதினால் முடிவு கேள்விக்குள்ளேயே புகுந்துவிடும், விசைப்படகுத் தரப்பு அங்கேயே எழுந்துவிடும். "பாக் விரிகுடாவில் இரு தரப்பும் பிழைக்கும்படி தொழிலை எப்படி அமைப்பது?" என்பதில் எல்லோருக்கும் இடமுண்டு. "எந்த இடங்களில் வலை அறுபடுகிறது?" என்பது போன்றவை வாதாடித் தீர்பவை அல்ல, அவற்றுக்குத் தனிக் குறியிட்டு, கணக்கெடுத்து வரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வியின் கீழ் யோசனைகளையும், ஒவ்வொரு யோசனையின் கீழும் சாதக பாதகங்களையும் எழுதுக. "ஆழ்கடல் சூரைப் பிடிப்புக்கு மாறுவது" ஒரு யோசனை. 2017-இல் தொடங்கிய திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து படகு விலையில் 70 விழுக்காடு மானியம் தருவதாக அறிவித்தது சாதகம். மீதிக்கு வாங்கும் கடனும், நாள்கணக்கில் கடலில் தங்க வேண்டிய தொழிலும் பாதகம். வாதத்திலிருந்து புதுக் கேள்வி பிறக்கலாம்: கரையில் கருவாடு போடும் பெண்களுக்கு வேலை எங்கிருந்து வரும்? கூட்டத்தில் அவர்கள் இல்லையென்றால், அழைத்து வந்த பிறகே மேலே போவது முறை. ஒருமுறை எழுதிய கருத்தை மறுபடி எழுத வேண்டாம். சொன்னவர் பெயரையும் எழுத வேண்டாம். பெயர் இருந்தால் கருத்தை விட்டு ஆளை எதிர்க்கத் தொடங்குவார்கள்.

பிறகு, வேறொரு தாளில் காரணங்களை அம்புக்குறியால் இணைத்துப் பார்ப்பது மிகப் பயனுள்ளது. மீன்பாடு குறைகிறது, டீசல் செலவையும் கடன் தவணையையும் ஈடுகட்ட மடி கூடுதல் நேரம் இழுக்கப்படுகிறது, குஞ்சுமீன் அதிகம் அழிகிறது, மீன்பாடு மேலும் குறைகிறது. அம்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பினால், அந்தச் சுழற்சியை எங்கே அறுக்கலாம் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மீன் இனப்பெருக்கத்துக்கு உதவுகிறது. ஆனால் கடனிலிருந்து மடியிழுப்புக்குப் போகும் அம்பை அது தொடுவதில்லை. பட்டியலாக எழுதியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

முடிவான யோசனையைச் சுற்றிக் கோடிட்டு, தேதியும் பொறுப்பாளரும் குறிக்கப்பட வேண்டும். கைவிட்ட யோசனைகளை அழிக்காமல் அவற்றின் வாதங்களோடு விட்டுவைத்தால், மானியமோ டீசல் விலையோ மாறும்போது அதே தாளை விரித்து, மாறிய வாதத்தை மட்டும் திருத்தி, அங்கிருந்தே பேச்சைத் தொடரலாம்.